தீர்ப்பும் காரணமும்

இலக்கிய விமர்சனத்தில் நமக்குத் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார். இவை நல்ல நாவல்கள், மற்றவை இல்லை, அவ்வளவுதான். நிரூபணம் அவருக்கு இரண்டாம் பட்சம். சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. 1959இல் 'எழுத்து'வை ஆரம்பித்து, வரிவரியாகப் பிரித்துக் காரணம் காட்டினால்தான் விமர்சனம் என்று நின்றார். ரசனை, அலசல் என்று இரண்டு கட்சிகளாகப் பேசிப் பழகிவிட்டோம். இந்தச் சண்டையின் இரட்டைப் பிறவி ஒன்று மருத்துவக் கல்லூரிகளிலும் நடந்துகொண்டிருக்கிறது என்பது சமீப காலம் வரை எனக்குத் தெரியாது. அங்கே அதை 'கிளினிக்கல் ரீஸனிங்' என்கிறார்கள். நோயாளி சொல்வதையும் அவன் உடம்பு காட்டுவதையும் வைத்து இன்ன நோய் என்று ஒரு முடிவுக்கு வருகிற சிந்தனை. அதைக் கற்பிக்க முடியுமா, கற்றுக்கொண்டுவிட்டான் என்பதைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று நூறு வருஷத்துக்கு மேலாக அவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நம் சண்டையில் ஒருவருடைய அபிப்ராயம் தப்பினால் ஒரு நல்ல புத்தகம் பத்து வருஷம் கவனிக்கப்படாமல் கிடக்கும். அங்கே ஆள் போய்விடுகிறான்.

எனக்கு இது தெரியவந்தது அக்கா மகன் மூலம். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இறுதி வருஷம் படிக்கிறான். விடுதி சாப்பாடு ஒத்துக்கொள்ளாத வாரங்களில் எங்கள் வீட்டில் வந்து தங்குவான். அவன் பிராக்டிகல் பரீட்சைக்குத் தயார் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'லாங் கேஸ்' என்று ஒன்று. வார்டிலிருந்து ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். முக்கால் மணி நேரம் போல அவரோடு இருந்து விசாரித்து, தொட்டுத் தட்டிக் கேட்டுப் பார்த்து, பிறகு பரீட்சகர்கள் முன்னால் ஒப்பிக்கவேண்டும். ஒப்பிக்க என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். பெயர், வயது, தொழில், முக்கிய உபாதைகள் என்று தொடங்கி, இல்லாத உபாதைகளின் நீண்ட வரிசை வரை ஒரு லயத்தோடு சொல்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சஹஸ்ரநாமம் மாதிரி இருக்கிறது.

"நோய் என்னன்னு எப்படிடா கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன்.

"பேஷண்ட்டே சொல்லிடுவாரு மாமா" என்றான் சிரித்துக்கொண்டே. "வருஷா வருஷம் பரீட்சைக்கு வர்றவங்க இருக்காங்க. வால்வு சுருங்கினவங்க, மண்ணீரல் வீங்கினவங்க. எந்த இடத்துல ஸ்டெத் வெச்சா சத்தம் நல்லாக் கேக்கும்னு அவங்களே காட்டுவாங்க."

பரீட்சை நாளில் நோயாளி மாணவனுக்கு நோயைச் சொல்லிக் கொடுக்கிறார். மாணவன் அந்த முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து காரணங்களைக் கோத்து, முன்னோக்கி நடந்து வந்தவன் மாதிரி பேசுகிறான். பரீட்சகருக்கும் இது தெரியும். அவரும் ஒரு காலத்தில் அந்தக் கட்டிலருகே நின்றவர்தானே. சிந்தனையைச் சோதிக்க என்று ஏற்பட்ட சடங்கில் சிந்தனை மட்டும் நடப்பதில்லை. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளின் ஆய்வேடுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. அங்கேயும் முடிவுரை முதலில் தயாராகிவிடுகிறது.

ஆனால் இதைக் கேலி செய்துவிட்டு நகர்வது சுலபம். பிரச்னை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. நிஜமாகவே நோயைக் கண்டுபிடிக்கிறவர்களும் காரணத்தைப் பின்னால்தான் சொல்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் முப்பது வருஷம் இருந்த ஒருவர் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளில் விரல் நின்றுவிடும். கள்ள நோட்டு. நிறுத்திய பிறகுதான் விளக்கில் பிடித்துப் பார்த்து, நூல் சரியில்லை, நீர்க்குறி சரியில்லை என்று காரணம் சொல்வார். புதிதாக வருகிறவனுக்கு அந்தக் காரணங்களைத்தான் பட்டியலாகக் கொடுக்கிறோம். பட்டியலைப் படித்தவன் ஒவ்வொரு தாளையும் விளக்கில் பிடித்தால் வரிசை தெருவரைக்கும் நிற்கும். விரலை யாரும் பாடமாக வைக்க முடியவில்லை.

எடின்பரோவில் ஜோசஃப் பெல் என்று ஒரு சர்ஜன் இருந்தார். ஆர்தர் கானன் டாயில் அங்கே மாணவனாக இருந்தபோது அவருடைய வெளிநோயாளிப் பிரிவில் கிளார்க் வேலை பார்த்தார். (மருத்துவ மாணவனுக்கு அங்கே அதுதான் பேர், என் ஜாதிக்காரன் என்று வைத்துக்கொள்கிறேன்.) பின்னால் ஷெர்லக் ஹோம்ஸ் உருவானதற்கு பெல்தான் மூலம் என்பது டாயிலே சொன்ன விஷயம். அவர் எழுதிவைத்த கதை ஒன்று பிரசித்தம். ஒரு நோயாளி உள்ளே வருகிறான். பெல் பார்த்த மாத்திரத்தில், நீ ராணுவத்திலிருந்தவன், சமீபத்தில்தான் விலகினாய், பார்படோஸில் இருந்தாய் என்கிறார். எல்லாம் சரி. பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி விளக்குகிறார்: மரியாதை தெரிந்த ஆள், ஆனாலும் தொப்பியை எடுக்கவில்லை, அது ராணுவப் பழக்கம், விலகி வெகு நாளாகியிருந்தால் ஊர் வழக்கத்துக்கு மாறியிருப்பான், அவனுக்கு இருப்பது யானைக்கால், அது மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. மாணவர்கள் வாய் பிளந்தார்களாம்.

வாய் பிளக்க வைப்பது கற்பித்தல் ஆகுமா? பெல்லிடம் ஒரு நல்ல குணம், விளக்கினார் என்பது. ஆனால் சரியாகிப் போன யூகத்தை மட்டும் விளக்கினார். தொப்பியை எடுக்காதவன் தலையில் புண் இருப்பவனாகவும் இருக்கலாம், வெறும் மறதிக்காரனாகவும் இருக்கலாம். அந்தச் சாத்தியங்கள் அவர் மனத்தில் வந்து விலகினவா, வரவே இல்லையா என்பதை மாணவன் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஒரு வித்தை. நம் ஊரிலும் நாடியைப் பிடித்தவுடன் நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்லிவிடுவார் என்று வைத்தியர்களைப் பற்றிக் கதைகள் உண்டு. கதைகளில் யாருமே தப்பாகச் சொல்வதில்லை.

தப்பாகச் சொல்வதற்கு ஒரு மேடை போட்டுக் கொடுத்தவர்கள் பாஸ்டன்காரர்கள். 1900இல் ஹார்வர்டில் மருத்துவ மாணவனாக இருந்த வால்டர் கானன், சட்டம் படித்துக்கொண்டிருந்த தன் அறைத் தோழன் பழைய வழக்குகளைப் பற்றி உற்சாகமாக வாதாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மருத்துவத்தையும் விரிவுரையால் அல்ல, அச்சிட்ட நோயாளி விவரங்களை வைத்து விவாதித்துக் கற்பிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். (உடலியலில் பெரும் பேர் பெற்ற கானன் இவர்தான்.) ரிச்சர்ட் காபட் அதைப் பிடித்துக்கொண்டார். மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1910 வாக்கில் அவர் ஒரு கூட்டம் நடத்த ஆரம்பித்தார். இறந்துபோன ஒரு நோயாளியின் விவரங்கள் வாசிக்கப்படும். முடிவு தெரியாத ஒரு டாக்டர் எழுந்து, எல்லோர் முன்னாலும், படிப்படியாக, நான் இப்படி நினைக்கிறேன், இந்தத் தகவல் வந்ததும் இப்படி மாற்றிக்கொள்கிறேன் என்று பேசி ஒரு முடிவைச் சொல்வார். கடைசியில் பிரேதப் பரிசோதனை செய்த நோய்க்குறியியல் நிபுணர் எழுந்து உள்ளே இருந்தது என்ன என்று சொல்வார். காபட்டே பல தடவை எல்லோர் முன்பும் தப்பினார். 1912இல் அவர் மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை உயிரோடிருந்தபோது சொன்ன முடிவுகளோடு ஒப்பிட்டு, எந்தெந்த நோய் எவ்வளவு தூரம் தவறவிடப்படுகிறது என்று கணக்கைப் பிரசுரித்தார். சக டாக்டர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கூட்டங்களின் பதிவு 1920களிலிருந்து அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கிறது. அதுதான் பின்னால் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஆயிற்று. இப்போது பிரேதப் பரிசோதனைகள் குறைந்துவிட்டன. முடிவை ஒரு திசுத் துணுக்கோ ஒரு ரத்தப் பரிசோதனையோ சொல்கிறது. முறை மட்டும் அதேதான்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் இதைப் படிக்கும்போது ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கேம்பிரிட்ஜில் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதி வாங்கி, 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்' என்று புத்தகம் போட்டார். டன்னையும் ஹாப்கின்ஸையும் உதறியவர்கள் இருந்தார்கள். அசட்டுக் கவிதைகளுக்கு உருகியவர்களும் இருந்தார்கள். பெயரை மறைப்பதும் முடிவை மறைப்பதும் ஒரே காரியம். அதிகாரத்தின் நிழலை விலக்கிவிட்டு, உன் கண் என்ன பார்க்கிறது என்று கேட்பது. ஆனால் ரிச்சர்ட்ஸின் வகுப்பில் கடைசியில் எழுந்து நின்று உள்ளே இருந்தது இதுதான் என்று சொல்ல யாருமில்லை. மாணவன் தப்பினான் என்பதற்கு ரிச்சர்ட்ஸின் ரசனைதான் சாட்சி. காலம் தீர்ப்புச் சொல்லும் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். காலமும் பழைய பட்டியல்களைப் பார்த்துத்தான் சொல்கிறது.

டாக்டர்களுக்கு அந்தச் சாட்சி இருந்தும் கஷ்டம் தீரவில்லை என்பதுதான் எனக்கு ஆர்வமூட்டியது. கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்டு ரசிக்கலாம். இருநூறு மாணவர்களுக்கு எப்படி மார்க் போடுவது? சரியான நோயைச் சொன்னவன் அதிர்ஷ்டத்தால் சொல்லியிருக்கலாம். தப்பான நோயைச் சொன்னவன் மிக நல்ல காரணங்களோடு தப்பியிருக்கலாம். இரண்டாமவனிடம்தான் நான் வைத்தியத்துக்குப் போவேன். ஆனால் மார்க் முதலாமவனுக்கு.

1960களில் அமெரிக்காவில் ஒரு உபாயம் செய்தார்கள். காகிதத்தில் ஒரு நோயாளி. என்ன கேட்கப் போகிறாய், என்ன பரிசோதனை செய்யப் போகிறாய் என்று வரிசையாக இருக்கும். வேண்டியதை மாணவன் தேய்த்தால் அடியில் மறைந்திருக்கும் பதில் தெரியும். அவன் எந்த வழியாகப் போனான் என்ற தடம் காகிதத்திலேயே பதிந்துவிடுகிறது அல்லவா, அதற்கு மார்க். கேட்கும்போது அற்புதமாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், எல்லாவற்றையும் தேய்த்தவன் நிறைய மார்க் வாங்கினான். அனுபவஸ்தரான டாக்டர், இரண்டு கேள்வியில் நேராகப் போய்ச் சேர்ந்தவர், குறைவாக வாங்கினார். போதாததற்கு, ஒரு நோயாளியில் நன்றாகச் செய்தவன் அடுத்த நோயாளியில் நன்றாகச் செய்வான் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1980களில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அந்த உத்தரவாதமின்மைக்கு ஒரு விளக்கம் 1978இல் வந்தது. ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா மூவரும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சி. நடிகர்களை நோயாளிகளாகப் பழக்கி, டாக்டர்களை அவர்களிடம் விட்டு, என்ன நினைக்கிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். புத்தகங்கள் சொல்வது, முதலில் தகவல் எல்லாவற்றையும் திரட்டு, பிறகு யோசி என்று. யாருமே அப்படிச் செய்யவில்லை. நோயாளி வாயைத் திறந்த சில நிமிஷங்களுக்குள் மூன்று நான்கு யூகங்கள் எழுந்துவிடுகின்றன. மிச்சக் கேள்விகள் அந்த யூகங்களின் பின்னால் ஓடுகின்றன. இதில் கெட்டிக்காரன், சாதாரணன் இருவரும் ஒன்றுதான். முறையில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எந்த யூகங்கள் எழுகின்றன என்பதில். அது அவன் அந்த நோயை எவ்வளவு அறிந்திருக்கிறான், எத்தனை தடவை சந்தித்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது. அதாவது 'சிந்திக்கும் திறன்' என்று உள்ளடக்கத்தை விட்டுத் தனியாக எடுத்துப் புட்டியில் அடைக்கக்கூடிய சரக்கு ஒன்று இல்லை. நம்மிடையே கோட்பாட்டு நூல் நான்கைப் படித்துவிட்டு எந்தக் கவிதையையும் அறுத்துக் காட்டுவேன் என்று வருகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்வேன். படிக்கமாட்டார்கள்.

1975இல் டண்டியில் ரோனல்ட் ஹார்டன் கொண்டுவந்தது 'ஆஸ்கி' என்கிற பரீட்சை. வரிசையாகச் சின்னச் சின்ன நிலையங்கள். மணி அடித்தால் அடுத்த நிலையத்துக்கு நகரவேண்டும். ஒன்றில் நடிக்கும் நோயாளி, ஒன்றில் எக்ஸ்ரே, ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். பரீட்சகர் கையில் ஒரு பட்டியல்: கை கழுவினானா, பெயர் கேட்டானா, வலி எங்கே பரவுகிறது என்று கேட்டானா. டிக். உலகம் முழுவதும் பரவியது. நம் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. இதன் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பழைய முறையில் ஒரு மாணவனுக்குச் சாதுவான நோயாளியும் சாதுவான பரீட்சகரும், இன்னொருவனுக்கு இரண்டுமே சிடுசிடுப்பு என்று விதிப்படி நடந்தது. இங்கே எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே பட்டியல். மாமன் மச்சான் பார்த்துப் போடும் மார்க்குக்கு இது ஒரு தடுப்பு. ஆனால் 1999இல் டொரான்டோவில் ப்ரையன் ஹாட்ஜஸும் கூட்டாளிகளும் மாணவர்களையும் அனுபவமுள்ள டாக்டர்களையும் இதே பரீட்சையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பட்டியல் மார்க்கில் டாக்டர்கள் மாணவர்களைவிடக் கீழே. பட்டியல் கணக்கெடுப்பது கேட்ட கேள்விகளை. கேட்கத் தேவையில்லை என்று விட்ட கேள்விகளுக்கு அதில் கட்டம் இல்லை.

அமெரிக்காவில் லைசென்ஸுக்கு இப்படி ஒரு நடிகர்-நோயாளிப் பரீட்சை 2004இல் கட்டாயமாயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகளும் விசாவும் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணமும் விமானச் செலவுமாகப் போய் எழுதிவிட்டு வந்தார்கள். தொற்றுக் காலத்தில், 2020இல், நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில், இனி கிடையாது என்றே அறிவித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் ஓய்வு நேரத் தமாஷாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். போன கார்த்திகையில் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது.

உள்ளூரில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். விடவில்லை. டவுனில் இன்னொருவர் ரத்தம் எடுத்து, வைடல் பாசிட்டிவ், டைபாய்டு என்று மருந்து கொடுத்தார். பத்தாம் நாள் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேச்சும் கொஞ்சம் குழறியது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனோம். வார்டில் மேல்படிப்புப் படிக்கும் ஒரு பெண், இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது, கேஸ் தாளைப் பார்த்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள். "பாட்டி, மாட்டுக்குப் புல் அறுக்கப் போவீங்களா?" என்று கேட்டாள். அத்தை தலையாட்டினாள். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அத்தையின் குரல் கேட்டது: "ஐயே, அது ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வலிக்கவே இல்ல." மார்புக்குக் கீழ் மடிப்பில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. ஸ்கரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. வேலூர் ஆரணிப் பக்கம் மழைக்குப் பிறகான மாதங்களில் அபூர்வமே இல்லை. டாக்ஸிசைக்ளின் என்று ஒரு பழைய, மலிவான மாத்திரை. மூன்றாம் நாள் அத்தை பசு மாட்டைப் பற்றி விசாரித்தாள்.

அந்தப் பொருக்கு பத்து நாளும் அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்தால் நோய் தெரியும். ஆனால் நோயை நினைத்தால்தான் அதைப் பார்ப்பார்கள். முதல் இருவரும் முட்டாள்கள் அல்ல. ஒருவருக்கு மாலையில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். இன்னொருவர் கையில் பாசிட்டிவ் என்று ஒரு காகிதம் வந்ததும் யோசனை அந்த இடத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டது. (டைபாய்டு சகஜமான ஊர்களில் வைடல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கதல்ல என்று பிறகு படித்தேன்.) காகிதம் வந்த பிறகும் மூச்சு வாங்குவது அதற்குள் அடங்கவில்லையே என்று உறுத்தவேண்டும். அந்த உறுத்தலுக்குப் பரீட்சை உண்டா?

டிஸ்சார்ஜ் ஆகும் நாளன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், எப்படித் தோன்றியது என்று. இந்த மாசம், புல் அறுக்கிற வேலை, தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் நொதிகள் அதிகம், நெஞ்சிலும் கொஞ்சம் கோளாறு என்று விரல் விட்டுச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா சார், லேப் ரிப்போர்ட் பாக்கறதுக்கு முன்னாடியே தோணிடுச்சு. இது மாதிரி நிறையப் பேரைப் பாத்திருக்கோம்" என்றாள்.

காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவை வந்த வழியல்ல. அந்தப் பெண் எனக்கு நேர்மையாக இரண்டையும் சொன்னாள். பரீட்சையில் சொல்லியிருந்தால் இரண்டாவது வாக்கியத்துக்கு மார்க் குறைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அக்கா மகன் ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தான். "மாமா, பட்டியலை நீங்க ரொம்பத் திட்டறீங்க. காய்ச்சல்னு வந்தா அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில எல்லாம் பாக்கணும்னு பட்டியல்ல இருந்து, அந்த டவுன் டாக்டர் அதைச் செஞ்சிருந்தா? அவருக்கு ஸ்கரப் டைபஸ் ஞாபகம் வரலைன்னாலும் பொருக்கு கண்ணுல பட்டிருக்குமே. தோணாதவங்களுக்காகத்தானே பட்டியல்?"

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செல்லப்பா பக்கத்தில் இருக்கும் நியாயமும் இதுதான். எல்லோருக்கும் எப்போதும் தோன்றாது. தோன்றாத நாளில் முறைதான் காப்பாற்றும். ஆனால் பரீட்சை பட்டியலாக இருக்கும்போது மாணவன் கற்றுக்கொள்வது, பரீட்சகர் பார்க்கும்படி அக்குளைத் தொட்டுவிட்டு நகர்வது. டிக் விழுந்துவிடும். கண் எதையும் தேடவில்லை. பட்டியலைக் கையில் கொடு, மார்க்காக ஆக்காதே என்பேன். அது நடைமுறைக்கு ஒத்து வருமா என்பது வேறு விஷயம்.

இருக்கிற பரீட்சைகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்றே ஒன்று. மான்ட்ரியாலில் பெர்னார் ஷார்லான் என்பவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் கொண்டுவந்தது. அதில் நோயின் பெயரைக் கேட்பதில்லை. அத்தையின் கேஸையே வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பத்து நாள் காய்ச்சல், வயல் வேலை. நீ ஸ்கரப் டைபஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இப்போது உடம்பு முழுக்கத் தேடியும் பொருக்கு இல்லை என்று தெரிகிறது. உன் எண்ணம் பலப்படுகிறதா, பலவீனமாகிறதா, அப்படியே இருக்கிறதா? ஐந்து படிகளில் ஒன்றைக் குறி. அவ்வளவுதான். புத்தகத்தில் மட்டும் படித்தவன் பொருக்கு இல்லையென்றால் நோயும் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுவான். அந்த ஊரில் வேலை செய்தவருக்குப் பொருக்கில்லாமலும் அந்த நோய் வரும் என்று தெரியும்.

இதே கேள்விக்கு முதலில் அனுபவஸ்தர்கள் பத்துப் பதினைந்து பேர் தனித்தனியாக விடை குறித்திருப்பார்கள். பத்துப் பேர் என்று வையுங்கள்: ஆறு பேர் 'அப்படியே இருக்கிறது', மூன்று பேர் 'கொஞ்சம் பலவீனம்', ஒருவர் 'ரொம்பப் பலவீனம்'. அந்த ஆறு பேரோடு சேர்ந்த மாணவனுக்கு 1 மார்க். மூன்று பேரோடு சேர்ந்தவனுக்கு அரை. தனியாள் பக்கம் நின்றவனுக்கும் ஆறில் ஒரு பங்கு. தேர்ந்தவர்களுக்குள் அபிப்ராய பேதம் இருக்கும், அதைப் பிசிறு என்று வெட்டி எறியக்கூடாது, அளவுகோலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு பரீட்சை ஒப்புக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் சாகித்தியப் பரிசுக் கமிட்டிகளில் ஒதுக்கப்பட்ட நடுவரின் குறிப்புக்கு ஆறில் ஒரு பங்காவது மதிப்பு இருந்திருந்தால் பட்டியல்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதற்கும் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள். எதற்கும் அசையாமல் நடுப்படியிலேயே குறித்துக்கொண்டு போகிறவன் ஓரளவு நல்ல மார்க் வாங்கிவிடலாம் என்று 2013இல் ஒரு விமர்சனம் வந்தது. பத்துப் பேரும் சேர்ந்து தப்பினால் தப்பு முழு மார்க் வாங்கும் என்பதும் வெளிப்படை. இருந்தாலும் கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. தகவல் ஒன்று புதிதாக வந்ததும் மனம் எவ்வளவு நகர்கிறது? நகரவேண்டிய அளவு நகர்கிறதா? அந்த டவுன் டாக்டரிடம் நகராமல் போனது அதுதான்.

இதற்கிடையில் அக்கா மகன் பாஸாகிவிடுவான். அடுத்து மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. இருநூறு கேள்விகள், மூன்றரை மணி நேரம், நான்கில் ஒன்றைக் குறிக்கவேண்டும். கைபேசியில் ஒரு வினா வங்கி வைத்திருக்கிறான். சாப்பிடும்போதும் விரல் அதில் ஓடுகிறது. கறுத்த பொருக்கு என்ற சொல் கேள்வியில் வந்தால் விடை ஸ்கரப் டைபஸ், இரண்டு வினாடி. பொருக்கைத் தேடித் திரையை இழுக்கவேண்டிய வேலையைக் கேள்வித்தாளே செய்து கொடுத்துவிடுகிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கானவர்களோடு போட்டி. அதில் அந்தப் பெண் டாக்டரும் ஒரு காலத்தில் இப்படித்தான் ஓட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் மட்டும் எனக்காக ஒதுக்கியிருக்கிறான். பாஸ்டன் பத்திரிகையின் பழைய கேஸ் ஒன்றைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வருவான். நான் வாசிப்பேன், பாராப் பாராவாக. கடைசிப் பக்கங்களை நான்தான் பிடித்துக்கொள்வேன். மருத்துவம் தெரியாதவன் வாசிப்பதில் ஒரு சௌகரியம், முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பாராவுக்குப் பிறகும் என்ன நினைக்கிறான், எவ்வளவு நிச்சயம் என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லவேண்டும். வங்கியின் பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றில் குறித்துக்கொள்கிறேன். சரியா தப்பா என்று ஒரு பத்தி இல்லை. போன வாரம் காய்ச்சலும் மூட்டு வலியுமாக வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். எழுபது என்று ஆரம்பித்தான். ரத்தப் பரிசோதனை வந்ததும் எழுபதிலேயே நின்றான். எக்கோவைப் படித்ததும் பேசாமல் இருந்தான்.

"இப்போ?" என்றேன்.

"இருங்க மாமா" என்றான். "முதல் பாராவை இன்னொரு தடவை படிங்க. அவர் என்ன வேலை பாக்கறாருன்னு சொன்னாங்க?"